அந்த இரண்டு கிலோமீட்டர்

மே மாதம், மதியம் இரண்டு மணி. திருச்சியில் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்தை முடித்துக்கொண்டு ஒரு குடும்பம் காரில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் ஏசி காற்றில் குளிர்ச்சி குறைந்தது. கொஞ்ச நேரத்தில் வெறும் சூடான காற்றுதான் வந்தது. ''கேஸ் தீர்ந்துபோச்சு போல. ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்'' என்று அப்பா ஜன்னலை இறக்கிவிட்டார்.

பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்திருந்த 12 வயது மகள்தான் முதலில் கவனித்தாள். ''அப்பா, மீட்டர்ல ஏதோ சிவப்பா எரியுது.''

''பார்த்தேன்டா. ரெண்டு கிலோமீட்டர்ல பங்க் வந்துடும். அங்க நிறுத்திப் பார்ப்போம்.''

''இங்கயே நிறுத்திப் பாரேன்ப்பா'' என்றார் பாட்டி.

''இந்த வெயில்ல உன்னையும் வெச்சுக்கிட்டு நடுரோட்ல எங்கம்மா நிறுத்தறது?''

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. லாரிகள் பறக்கிற சாலை, நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை, வண்டியில் வயதானவர். ஆனால் இன்ஜினுக்கு அந்த நியாயம் தெரியாது. முதலில் பிக்கப் குறைந்தது. பிறகு முன்பக்கத்திலிருந்து 'கடகட'வென்று ஒரு சத்தம். பானெட் இடுக்கில் வெள்ளையாக ஆவி வந்தது. பங்க் போர்டு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி தானாகவே நின்றுவிட்டது.

விழுப்புரத்துக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பானெட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக் ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல்.

''ஹோஸ் கிழிஞ்சு தண்ணி பூரா வெளிய போயிருக்கு சார். லைட் எரிஞ்ச உடனே ஆஃப் பண்ணியிருந்தா, ஹோஸை மாத்தி கூலன்ட் ஊத்தி சாயங்காலமே அனுப்பியிருப்பேன். இப்ப ஹெட்டை இறக்கணும். இறக்கினாத்தான் மத்தது தெரியும்.''

சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பல ஆயிரங்களுக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கிவைத்த பணத்தில் அவர் கைவைக்க வேண்டி வந்தது.

கார் ஒர்க்‌ஷாப்களில் பழக்கமான கதை இது. இன்ஜினில் சின்னக் கோளாறு வருவது சகஜம். அந்தக் கோளாறோடு தொடர்ந்து ஓட்டும்போதுதான் இன்ஜின் செத்துப்போகிறது. ஏன் அப்படி என்று புரிய வேண்டுமானால், பானெட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிஸ்டன் ஏன் உருகுவதில்லை?

பெட்ரோல் இன்ஜினின் அடிப்படை, ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ 1876-ல் செய்துகாட்டிய நான்கு ஸ்ட்ரோக் முறைதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் வருகின்றன. மேலே ஏறும்போது அந்தக் கலவை இறுக்கப்படுகிறது. ஸ்பார்க் ப்ளக் பொறி வைக்கிறது. எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி மேலே வரும் பிஸ்டன், புகையை வெளியே துரத்துகிறது. இந்த நான்கில் வண்டியை நகர்த்துவது மூன்றாவது மட்டும்தான்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நன்றாகப் பழகிய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த அந்தக் காரில் மூன்று சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டமும் 68.5 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர். மூன்றையும் சேர்த்தால் கொள்ளளவு 796 சிசி, அதாவது முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம். சாப்பாட்டு மேசையில் இருக்கும் தண்ணீர் பாட்டில் அளவுதான்.

இந்தச் சின்ன இடத்துக்குள் நடப்பது சின்ன வேலை அல்ல. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 முறை பெட்ரோல் எரியும். எரியும் நேரத்தில் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

பிஸ்டன் எதனால் ஆனது? அலுமினியக் கலவையால். சுத்தமான அலுமினியம் உருகும் வெப்பம் 660 டிகிரி. கலவை அதற்கும் முன்னாலேயே உருகும். அப்படியானால் 2,000 டிகிரி நெருப்புக்கு நேர் எதிரே நிற்கும் பிஸ்டன் ஏன் உருகுவதில்லை?

வெப்பம் அங்கே தங்க விடப்படுவதில்லை, அவ்வளவுதான். எரிந்த வாயுவோடு ஒரு பங்கு வெப்பம் சைலன்சர் வழியே போகிறது. பிஸ்டனிலிருந்து ரிங்குகள் வழியாக சிலிண்டர் சுவருக்கும், அங்கிருந்து கூலன்ட்டுக்கும் இன்னொரு பங்கு போகிறது. ஆயிலும் தன் பங்குக்கு வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. நாம் காசு கொடுத்துப் போடும் பெட்ரோலின் சக்தியில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் சக்கரம் சுற்ற உதவுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருந்தால்தான் இன்ஜின் உயிரோடு இருக்கும்.

தண்ணீர் சுற்றும் பாதை

இன்ஜினின் சுவர்களுக்குள் சின்னச் சின்ன வாய்க்கால்கள் உண்டு. வாட்டர் பம்ப் அவற்றில் கூலன்ட்டைத் தள்ளுகிறது. சூடேறிய கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய், காற்று பட்டு ஆறி, மறுபடி இன்ஜினுக்கு வருகிறது. நடுவில் தெர்மோஸ்டாட் என்ற வால்வு காவலாளி மாதிரி நிற்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது ரேடியேட்டர் வழியை மூடி வைக்கும். 80 முதல் 90 டிகிரி வாக்கில் சூடு ஏறியதும் திறந்துவிடும்.

'நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு தெர்மோஸ்டாட்?' என்று அதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது தவறு. இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும். அதுவரை பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும். ஆயிலிலும் கசடு சேரும். அதிகச் சூடு போலவே, சூடு போதாமல் ஓடுவதும் இன்ஜினுக்கு ஆகாது.

ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடி அல்ல. குக்கர் வெயிட் போல அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், அடக்கி வைத்திருந்த தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா?

அடுத்தது போர் தண்ணீர். கூலன்ட் குறைந்தால் பக்கத்து வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றிவிடுவது பலரின் வழக்கம். உப்புத் தண்ணீர் கொதித்துக் கொதித்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது போலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படியும். அலுமினியத்தையும் அரிக்கும். நம் ஊரில் தண்ணீர் உறைவதில்லை என்பதால் கூலன்ட் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம். ஆனால் ஊர் வந்து சேர்ந்ததும், கசிவை அடைத்துவிட்டு சரியான கூலன்ட்டை நிரப்பிவிட வேண்டும்.

சூடு எங்கே ஏறுகிறது என்பதை வைத்தே கோளாறை ஓரளவு ஊகிக்கலாம். ஹைவேயில் நன்றாக இருந்து, டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் சூடானால் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். வேகமாகப் போகும்போது காற்று தானாக வரும். நிற்கும்போது ஃபேன்தான் கதி. ஹைவேயிலேயே சூடு ஏறினால் கூலன்ட் கசிவு, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் கோளாறு, திறக்காத தெர்மோஸ்டாட் என்று தேட வேண்டும்.

அந்த இரண்டு கிலோமீட்டரில் நடந்தது

உளுந்தூர்பேட்டை குடும்பத்தின் காருக்கு வருவோம். அந்தக் கார் இரண்டு முறை எச்சரித்தது. முதல் எச்சரிக்கை ஏசி. இன்ஜின் அதிகம் சூடானால் பல கார்களில் ஏசி கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும். சுமையைக் குறைக்க இன்ஜின் செய்யும் ஏற்பாடு அது. அவர் அதை கேஸ் பிரச்னை என்று நினைத்துவிட்டார். இரண்டாவது எச்சரிக்கை சிவப்பு விளக்கு.

பல இன்ஜின்களில் கீழே உள்ள பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் ஹெட் கேஸ்கெட் என்ற மெல்லிய தகடு இருக்கிறது. ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் கூலன்ட், ஒரு பக்கம் ஆயில். மூன்றும் கலந்துவிடாமல் பிரித்து வைப்பது அந்தத் தகடுதான்.

கூலன்ட் இல்லாமல் ஓடும்போது ஹெட் அளவுக்கு மீறி விரிகிறது. போல்ட்டுகள் அதை இறுக்கிப் பிடித்திருப்பதால் விரிய இடமில்லாமல் வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவு அது. மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வளைந்தாலே பல இன்ஜின்களில் ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்ய வேண்டியிருக்கும். வளைந்த இடத்தில் கேஸ்கெட் பிளக்கிறது. கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கும். இன்னும் ஓட்டினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரை உரசிக் கோடு போடும். கடைசியில் இறுகிப்போகும். மெக்கானிக்குகள் 'சீஸ் ஆயிடுச்சு' என்று சொல்வது இதைத்தான்.

முள் உள்ள கார்களில் இன்னொரு ஏமாற்று உண்டு. மேலே ஏறிய முள் திடீரென்று கீழே இறங்கினால் 'அப்பாடா, ஆறிடுச்சு' என்று நிம்மதியடையக் கூடாது. சூட்டை அளக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கி இருக்க வேண்டும். கூலன்ட் மொத்தமாகப் போய்விட்டால் அது அளப்பதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் முள் இறங்கிவிடலாம். உள்ளே இன்ஜின் எரிந்துகொண்டிருக்கும்.

ஆயில் விளக்கு சொல்வது வேறு

எண்ணெய்க் கிண்டி போன்ற சிவப்பு விளக்கைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 'ஆயில் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அடுத்த வாரம் ஊத்திக்கலாம்' என்று அதைப் புரிந்துகொள்கிறார்கள். அது ஆயிலின் அளவைச் சொல்லும் விளக்கு அல்ல, அழுத்தத்தைச் சொல்லும் விளக்கு.

கிராங்க் ஷாஃப்ட் அதன் பேரிங்கில் நேரடியாக உட்காருவதில்லை. தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றுகிறது. அழுத்தம் போனால் படலம் போகும். உலோகமும் உலோகமும் தேயத் தொடங்கும். இதற்கு அவகாசம் கிலோமீட்டரில் அல்ல, விநாடியில். ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால், பாதுகாப்பாக ஓரங்கட்டி உடனே இன்ஜினை நிறுத்துவது ஒன்றுதான் வழி.

ஆயிலின் அளவைச் சொல்வது டிப்ஸ்டிக். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்து சில நிமிடங்கள் விட்டு, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் சரி. ஆயில் கறுத்திருப்பதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். அழுக்கைத் தன்னிடம் சேர்த்துக்கொள்வதும் அதன் வேலைதான்.

புகையின் நிறம் பார்க்கலாம்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் கொஞ்சம் வெள்ளை ஆவியும் சொட்டுத் தண்ணீரும் வந்தால் கவலை வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். அதுதான் வெளியே வருகிறது. வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ராத்திரி நின்ற வண்டியை எடுக்கும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். கறுப்புப் புகை, பெட்ரோல் தேவைக்கு மேல் போவதைக் காட்டும். ஏர் ஃபில்டர் அடைப்பில் தொடங்கி சென்சார் கோளாறு வரை காரணங்கள் இருக்கலாம்.

மஞ்சள் நிற 'செக் இன்ஜின்' விளக்கு நிலையாக எரிந்தால், பதறாமல் மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம். அது விட்டுவிட்டு மின்னி, வண்டியும் குலுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஸ்பார்க் ப்ளக்கோ, இக்னிஷன் காயிலோ காரணமாக இருக்கும். ப்ளக் மலிவு. ஆனால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அது பாழாகும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் உள்ள பாகம் அது. விலையைச் சொல்லவா வேண்டும்?

டைமிங் பெல்ட் உள்ள கார்களில், அதைத் தயாரிப்பாளர் சொன்ன கிலோமீட்டரிலோ வருடத்திலோ மாற்றிவிட வேண்டும். அது பெரும்பாலும் முன்னறிவிப்பு தராமல் அறுந்துவிடும். பல இன்ஜின்களில் அறுந்த மறுநொடி பிஸ்டன் வால்வுகளில் மோதி வளைத்துவிடும்.

'இன்னொரு தடவை சாவியைத் திருப்பிப் பார்ப்போம்'

வெயில் காலத்தில் இரண்டு கிலோமீட்டர் செய்வதை, மழைக்காலத்தில் ஒரே ஒரு ஸ்டார்ட் செய்துவிடும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், பிஸ்டனால் அதை இறுக்க முடியாது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

தண்ணீரில் நின்றுபோன காரை ஸ்டார்ட் செய்ய முயலவே கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, டோ செய்து கொண்டுபோவதே நல்லது. வெள்ளத்தில் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்ததால் வரும் சேதத்துக்கு, 'இன்ஜின் புரொடெக்‌ஷன்' என்ற கூடுதல் கவர் இல்லாத பாலிசியில் பெரும்பாலும் பணம் கிடைப்பதில்லை. பாலிசியை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

சூடு ஏறினால் என்ன செய்வது?

ஏசியை உடனே அணைக்க வேண்டும். ஓரங்கட்ட இடம் தேடும் அந்தச் சில நொடிகளுக்கு ஹீட்டரை முழு அளவில் வைத்து, ஃபேனையும் முழு வேகத்தில் விடலாம். மே மாதத்தில் ஹீட்டரா என்று வீட்டில் உள்ளவர்கள் முறைப்பார்கள். ஆனால் அந்த ஹீட்டர் இன்ஜினின் வெப்பத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது.

ஓரங்கட்டியதும் இன்ஜினை அணைத்து, ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு, எல்லோரும் இறங்கி சாலையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஆவி அடங்கிய பிறகு பானெட்டைத் திறக்கலாம். ரேடியேட்டர் மூடியைத் தொட குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் இன்னும் அதிகம் காத்திருக்க வேண்டும். கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடும். ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி, எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். நிற்காமல் ஒழுகினால் டோ வண்டிதான். அதன் வாடகை, ஹெட் வேலையைவிட எப்போதும் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஐந்து நிமிடம் போதும். கூலன்ட் டப்பாவில் அளவு, டிப்ஸ்டிக், ஹோஸ்களில் வெடிப்போ உப்பலோ இருக்கிறதா, வண்டி நின்ற இடத்தில் தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். விழுப்புரத்தில் மெக்கானிக் காட்டிய ஹோஸ் ஒரே நாளில் கிழிந்திருக்காது.

அந்தக் குடும்பத்தின் கார் பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தது. பள்ளிக் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டினார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது பரனூர் டோல்கேட்டில் நீண்ட வரிசை. வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது. பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. ''அப்பா, ஏசி சூடா வருது.''

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இண்டிகேட்டரைப் போட்டு, இடது ஓரமாக ஒதுங்கி, இன்ஜினை அணைத்தார். மெக்கானிக் வந்து பார்த்தபோது ரேடியேட்டர் ஃபேனின் ஃப்யூஸ் போயிருந்தது. ஒயர் ஒன்று உரசியிருந்ததைச் சரிசெய்து, புது ஃப்யூஸ் போட்டார். வந்துபோன கூலியையும் சேர்த்து, பர்ஸில் இருந்த பணமே போதுமானதாக இருந்தது.

''ஒன்றரை மணி நேரம் போச்சே'' என்று அலுத்துக்கொண்டார் அவர்.

பாட்டி புடவையை உதறிக்கொண்டு காரில் ஏறினார். ''நேரம்தானே போச்சு. வண்டிய எடுப்பா.''